சைக்கிளும் சங்கல்பமும்

சங்கல்பம் செய்துகொள்வதில் நம்மவர்களுக்கு ஈடு கிடையாது. அதற்கு ஒரு நல்ல நாள் அகப்பட்டால் போதும். வருஷப் பிறப்போ, பொங்கலோ, பிறந்த நாளோ. அல்லது ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைக்கிறாரே, அந்த நாளோ. அன்றைக்கு மனிதன் எடுத்துக்கொள்கிற விரதத்தைக் கேட்டால் அரிச்சந்திரனே கொஞ்சம் தயங்குவான். முதல் வாரம் அது ஊருக்கெல்லாம் தெரியும். இரண்டாம் வாரம் வீட்டுக்கு மட்டும் தெரியும். சங்கடம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அறுபதைத் தாண்டிய வாசகர் ஒருவர் எனக்கு நாலு பக்கத்தில் கடிதம் எழுதியிருந்தார். என் கதைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. முழுவதும் சைக்கிளைப் பற்றி. நான் தினம் காலையில் சைக்கிள் விடுகிறவன் என்பதை எங்கோ படித்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரை வியாதி தலைகாட்டியிருக்கிறது. நடக்கலாம் என்றால் முழங்கால் சம்மதிக்கவில்லை. ஆகவே சைக்கிள் வாங்கினார். சாதாரணச் சைக்கிள் அல்ல, கியர் வைத்தது. அதற்குத் தோதாகத் தலைக்கவசம், இருட்டில் மின்னும் சட்டை, கால்சட்டை எல்லாம் வாங்கினார். பத்தொன்பது நாள் தவறாமல் போனார். இருபதாம் நாள் மழை. இருபத்தோராம் நாள் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். இருபத்திரண்டாம் நாள் மழையும் இல்லை, சம்பந்தியும் இல்லை. ஆனாலும் அவர் போகவில்லை. இப்போது சைக்கிள் மாடி பால்கனியில் நிற்கிறது. வீட்டு அம்மாள் அதன் ஹாண்டில்பாரில் ஈரத்துண்டு உலர்த்துகிறார். ‘ஊக்கம் குறையாமல் இருக்க என்ன வழி?’ என்று கேட்டிருந்தார்.

கேள்வி அதோடு நின்றிருந்தால் இரண்டு வரியில் ஆறுதல் எழுதிப் போட்டிருப்பேன். ஆனால் கடைசிப் பக்கத்தின் அடியில், நெருக்கி எழுதிய எழுத்தில், வேறொன்று இருந்தது. ‘முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் ஒரு நாளும் நான் தாமதமாகப் போனவனில்லை. ஊருக்குக் கொடுத்த வாக்கை எல்லாம் காப்பாற்றினேன். எனக்கு நானே கொடுத்த வாக்கை மூன்று வாரம் காப்பாற்ற முடியவில்லை. அப்படியானால் இத்தனை வருஷம் என்னை நடத்தியது நானா, ஆபீஸ் மணியா?’

இதைப் படித்தபின் அந்தக் கடிதத்தை மடித்து வைக்க முடியவில்லை. ஒரு மனிதர் தம் ஆயுசில் பெரும்பகுதியை எடுத்து நம் முன்னால் வைத்து, இது என்னுடையதுதானா, பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கிறார். சைக்கிள் வெறும் சாக்கு.

இதை அற்ப விஷயம் என்று நினைப்பவர்கள் திருக்குறளின் அதிகார வரிசையைப் புரட்டிப் பார்க்கலாம். ஊக்கமுடைமை அறுபதாவது அதிகாரம். மடியின்மை அதற்கு அடுத்தது. ஆள்வினையுடைமை அதற்கும் அடுத்தது. மூன்றையும் வள்ளுவர் அறத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசனுக்குச் சொல்கிற பகுதியில், ஒற்றர்களைப் பற்றிப் பேசி முடித்த கையோடு வைத்திருக்கிறார். படுக்கையிலிருந்து எழுந்திருப்பது அவருக்கு ராஜாங்க விவகாரமாகப் பட்டிருக்கிறது! மடியின்மையில் ஓரிடத்தில், காலம் கடத்துதல், மறதி, சோம்பல், தூக்கம் ஆகிய நான்கையும், கெட்டுப் போகிறவர்கள் ஆசையோடு ஏறுகிற மரக்கலமாகச் சொல்கிறார். அந்த ‘ஆசையோடு’ என்பதில்தான் எனக்கு வியப்பு. போர்வைக்குள் கிடப்பவனுக்கு ஊக்கம் இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவனுக்கு ஊக்கம் நிறைய இருக்கிறது. எல்லாம் போர்வையின் மேல் இருக்கிறது. ஐந்து மணிக்கு நடப்பது இரண்டு ஆசைகளின் மல்லுக்கட்டு. அதில் ஒரு ஆசை ஏற்கெனவே மெத்தையில் இடம் பிடித்துவிட்டது. மற்றது வாசலுக்கு வெளியே நிற்கிறது.

மதுரையில் வைகைக்கு வடகரையில் என் வீடு. விடியுமுன் கிளம்பி, குருவிக்காரன் சாலைப் பாலத்தைத் தாண்டித் தெற்கே போனால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் வந்துவிடும். திருமலை நாயக்கர் வெட்டிய குளம். வெகு காலம் தண்ணீர் இல்லாமல், பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். சில வருஷங்களாக வைகைத் தண்ணீர் விட்டு நிரப்புகிறார்கள். நடுவில் இருக்கும் மைய மண்டபம் தண்ணீரில் தலைகீழாக நிற்பதைப் பார்த்தபடி குளத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்புவது என் வழக்கம்.

அந்த நேரத்தில் சாலையில் சைக்கிள் விடுகிறவர்களை இரண்டு ஜாதியாகப் பிரித்துவிடலாம். ஒரு ஜாதி, மின்னும் சட்டைக்காரர்கள். சனி ஞாயிறுகளில் இவர்கள் கூட்டமாக வருவார்கள். செவ்வாய், புதனில் அருகிப் போவார்கள். இன்னொரு ஜாதி, காரியரில் கீரைக்கட்டு அடுக்கியவர்கள், பேப்பர் போடும் பையன்கள், பால் கொண்டுபோகிறவர்கள், பின்னால் டீ கேனைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள். இவர்களிடம் செவ்வாய் என்றும் சனி என்றும் வித்தியாசம் தெரியாது. ‘எனக்கு இன்றைக்கு ஊக்கம் குறைவாக இருக்கிறது’ என்று ஒரு கீரைக்காரர் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

இதை வைத்துக்கொண்டு உழைப்பாளியின் பெருமையைப் பாடிவிடலாம். எழுத்தாளர்களுக்கு அது சுலபமான வேலை. நாங்கள் நிறையப் பாடியும் இருக்கிறோம். ஆனால் டீ கேன்காரர் ஒருவர் எனக்கு அந்தச் சௌகரியத்தைக் கொடுக்கவில்லை. தெப்பக்குளத்துப் படியோரத்தில் அவரிடம் டீ குடித்துக்கொண்டே, “மழை, வெயில் பார்க்காமல் வருகிறீர்களே” என்றேன்.

அவர் கேனின் குழாயைத் திருகி மூடிவிட்டு, “என்ன செய்யிறது ஐயா? வரலேன்னா யாரு சோறு போடுவா? ஒரு எக்ஸெல் வண்டி வாங்கக் காசு சேரட்டும், மறுநாளே இதக் காயலான் கடையில தூக்கிப் போட்டுருவேன்” என்றார்.

பதில் கறாராகத்தான் இருந்தது. அவரைத் தினமும் மிதிக்க வைப்பது தேவை. தேவை தீர்ந்தால் மிதிப்பதும் தீர்ந்துவிடும். அதை ஒரு குணமாக எடுத்துக்கொண்டு மாலை போட நமக்கு அதிகாரம் இல்லை. அவரே அதை விரும்பமாட்டார். ஆகவே என் வாசகரின் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பத்தைந்து வருஷம் அவரை மணிதான் நடத்தியது. மணி நின்றது; அவரும் நின்றார். ஊக்கம் எங்கே கிடைக்கும் என்று தேடுகிறவன், தேவைகள் எல்லாம் தீர்ந்துபோன மனிதன். வயிறு நிறைந்தவனுக்குத்தான் பசி எடுக்க மருந்து வேண்டியிருக்கிறது.

ஆனால் வயிற்றுப்பாடு ஒன்றுதான் மனிதரை மிதிக்க வைக்கும் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. மதுரையிலிருந்து வடகிழக்கே போனால் புதுக்கோட்டை. அங்கே 1991-ல் எழுத்தறிவுக்காக அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுப்பதையும் அதில் ஒரு பாடமாகச் சேர்த்தார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்த மாவட்டத்தில் சுற்றி எழுதியவர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். கல் உடைக்கிறவர்கள், களை எடுக்கிறவர்கள், பள்ளிக்கூட ஆசிரியைகள், நர்ஸுகள் என்று பலரும். ஊரில் கேலி பேசினவர்களுக்குக் குறைவில்லை. பெண்கள் ஓட்டும் சைக்கிள் போதாமல் போனபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமே என்று அதையே மெச்சினவர்களும் உண்டு.

இந்தப் பெண்களுக்கு அதற்கு முன்னும் வாழ்க்கை நடந்துகொண்டுதான் இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள், அண்ணனோ, புருஷனோ, மகனோ கொண்டுபோய் விடுவான் என்று காத்திருந்தார்கள். காத்திருப்பது அவர்களுக்கு ஒரு வேலையாகவே இருந்தது. சைக்கிள் அந்த வேலையிலிருந்து அவர்களுக்கு விடுதலை கொடுத்தது. தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு தானே போய்த் தானே வரலாம். ‘இன்றைக்கும் ஏற வேண்டுமா?’ என்ற யோசனை அவர்களுக்கு ஏன் வரப்போகிறது? என் வாசகருடைய வீட்டிலோ கார் ஒன்று நிற்கிறது, ஸ்கூட்டர் ஒன்று நிற்கிறது. சைக்கிள் அவரை எதிலிருந்தும் விடுவிக்கவில்லை. குளத்தைச் சுற்றி வந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறார். அங்கேதான் அவருக்குக் கஷ்டம், எனக்கும்தான்.

அப்படிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிற சைக்கிளில் ஏறின இன்னொரு கிழவரைப் பற்றி அடிக்கடி நினைப்பேன். அவர் டால்ஸ்டாய். 1895-ஆம் வருஷம் பிப்ரவரியில் அவருடைய கடைக்குட்டிப் பிள்ளை வான்யா காய்ச்சலில் இறந்துபோனான். ஏழு வயது நிரம்பவில்லை. அந்த வசந்தத்திலேயே, தம் அறுபத்தேழாவது வயதில், டால்ஸ்டாய் மாஸ்கோவில் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டார். சீடர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எளிமையைப் போதிக்கிற குருநாதர் பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானில் ஏறலாமா என்று முகம் சுளித்தார்கள். அவரோ இதில் என்ன பாவம் என்று விட்டுவிட்டார். அவருடைய சைக்கிளை மாஸ்கோவில் அவர் வாழ்ந்த வீட்டில் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கிழவருக்கு ஏறும்போது உற்சாகம் இருந்திருக்கும் என்று என்னால் நினைக்க முடியவில்லை. புத்திர சோகத்தில் இருக்கிறவனுக்கு எந்தக் காலையும் உற்சாகமாக விடிவதில்லை. ஆனால் சைக்கிளுக்கு ஒரு குணம் உண்டு: அதன்மேல் உட்கார்ந்தால் அடுத்த பத்து கஜத்தைத் தவிர வேறொன்றையும் மனம் நினைக்க முடியாது, கற்றுக்கொள்கிறவனுக்கு முக்கியமாக. அந்தப் பத்து கஜம் அவருக்கு ஒரு வரப்பிரசாதமாக இருந்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான். நாவலாசிரியனுக்கு இந்த அளவு ஊகம் அனுமதிக்கப்பட்டது.

ஊகத்தை விட்டு, தெரிந்ததைச் சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் வீட்டு வாசலில் எனக்கு உற்சாகம் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாசலில் இருப்பது தூக்கமும், முதுகுப் பிடிப்பும், நாய்களைப் பற்றிய கவலையும். நின்ற சைக்கிளை நகர்த்துவதற்குத்தான் பலம் வேண்டும். முதல் நாலு மிதி கனமாக இருக்கும், உருளத் தொடங்கியபின் சமதரையில் அது கேட்பது கொஞ்சம்தான். மனத்தின் விஷயமும் அப்படியே இருக்கிறது. தெருமுனை வரை ஒன்றும் இல்லை. பெரிய சாலைக்கு வந்ததும் உடம்பு சூடு பிடிக்கிறது. பாலத்தின்மேல் ஏறும்போது ஆற்றுக்காற்று முகத்தில் படும். அந்த இடத்தில்தான் உற்சாகம் வந்து பின்னால் காரியரில் தொற்றிக்கொள்கிறது. ஒரு நாளாவது அது என் வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தட்டினதில்லை. பாலத்தில் ஏறுகிற பிரயாணியை வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால் எப்படி வரும்? ‘ஊக்கம் வந்ததும் கிளம்புகிறேன்’ என்று என் வாசகர் பால்கனியில் காத்திருந்தது இப்படித்தான்.

ஆனால் வாசலிலிருந்து பாலம் வரை கொண்டுபோவது எது? அங்கேதான் அவர் கேட்ட கஷ்டமான கேள்வி மறுபடியும் வந்து நிற்கிறது. எனக்கு நானே கொடுத்துக்கொண்ட வாக்கு என்னைக் கட்டுமா?

பிறருக்குக் கொடுத்த வாக்கில் இந்தச் சிக்கல் இல்லை. நான் உங்களுக்கு நூறு ரூபாய் தர வேண்டும். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால்தான் நான் விடுபடலாம். எனக்கு நானே கொடுத்த வாக்கிலோ கடன் கொடுத்தவனும் நான், வாங்கியவனும் நான். ‘போனால் போகிறது, தள்ளுபடி’ என்று ஒரு கொட்டாவியில் கணக்கைத் தீர்த்துவிடலாம். யாருக்கு நஷ்டம்? கேட்பதற்கு ஆள் இல்லாத கடன் ஒரு கடனா? இது வெறும் வார்த்தை விளையாட்டு அல்ல. யோசிக்கத் தெரிந்தவர்கள் எல்லாருமே ஐந்து மணிக்குப் போர்வைக்குள் இந்தத் தர்க்கத்தைச் செய்து பார்த்திருக்கிறார்கள். தர்க்கம் அங்கே தோற்பதே இல்லை.

என் அபிப்பிராயம் வேறு. இரவு ஒன்பது மணிக்கு வாக்குக் கொடுத்தவன் அதைக் காலை ஐந்து மணிக்காரனுக்குக் கொடுக்கவில்லை. இன்னும் பத்து வருஷம் கழித்து, பேரனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற ஆசைப்படப் போகிற ஒருவனுக்குக் கொடுத்தான். அந்தப் பத்து வருஷத்துக்காரன் இன்னும் வரவில்லை, அவன் மைனர். ஐந்து மணிக்காரன் நடுவில் வந்த காரியஸ்தன். பெரிய பண்ணைகளில் முன்னெல்லாம் நடந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மைனர் பிள்ளைக்கு வர வேண்டிய பாக்கியை, குத்தகைக்காரனிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு, காரியஸ்தன் தள்ளுபடி எழுதிவிடுவான். பிள்ளை வயசுக்கு வந்து பெட்டியைத் திறக்கும்போது பத்திரங்களில் எல்லாம் கையெழுத்துச் சரியாக இருக்கும். பணம் மட்டும் இராது. போர்வைக்குள் தள்ளுபடி எழுதுகிறவனுக்கு அந்தக் கடனின்மேல் அதிகாரம் கிடையாது. அவனுக்குக் கிடைத்த லஞ்சம் முக்கால் மணித் தூக்கம்.

காரியஸ்தன் அப்படிப்பட்டவன் என்று தெரிந்தால் புத்திசாலியான எஜமான் என்ன செய்வான்? அவனுக்கு நீதி போதிக்கமாட்டான். சாவியை அவன் கையில் கொடுக்காமல் பார்த்துக்கொள்வான். ஐந்து மணிக்காரனை நம்பி எந்தத் தீர்மானத்தையும் விட்டுவைக்கக் கூடாது என்பது என் கொள்கை. சைக்கிள் மாடி பால்கனியில் இருக்கக் கூடாது. கீழே, கதவைத் திறந்ததும் காலில் இடிக்கிற இடத்தில் நிற்க வேண்டும். டயருக்குக் காற்று முந்தின நாளே அடித்திருக்க வேண்டும். காற்று இறங்கின டயரைப்போல் காரியஸ்தனுக்குச் சாதகமான சாட்சி வேறில்லை. போகிற வழியும் ஒன்றாகவே இருக்கட்டும். ‘இன்றைக்கு எந்தப் பக்கம் போகலாம்?’ என்று அவனை யோசிக்க விட்டால் ‘எந்தப் பக்கமும் வேண்டாம்’ என்பதில் கொண்டுவந்து முடிப்பான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வாசகர் பத்தொன்பது நாள் என்று எண்ணி வைத்திருந்தார் பாருங்கள், அதுதான் அவருக்கு எமன். இந்தக் காலத்தில் கைக்கடிகாரமே கிலோமீட்டரையும் நாளையும் எண்ணிச் சொல்லிக் கைதட்டுகிறது. எண்ணும்போது அது விரதம் ஆகிவிடுகிறது. விரதம் ஒரு முறை முறிந்தால் முறிந்ததுதான். மறுநாள் சாப்பிட்டால் என்ன, சாப்பிடாவிட்டால் என்ன? பழக்கத்துக்கு அந்தக் கற்பு தேவையில்லை. தபால்காரருக்கு நாலு நாள் காய்ச்சல் வருகிறது. ஐந்தாம் நாள் பையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். ‘என் தபால்காரத் தன்மைக்குப் பங்கம் வந்துவிட்டதே’ என்று அவர் பால்கனியில் உட்கார்ந்து வருத்தப்படுவதில்லை. இருபதாம் நாள் மழையில் தப்பில்லை, இருபத்தோராம் நாள் சம்பந்தி வந்ததிலும் தப்பில்லை. இருபத்திரண்டாம் நாளைப் புதுசாக எண்ண வேண்டியிருந்ததுதான் அவருக்கு மலைப்பாகப் போயிற்று.

இனி அந்த ஆபீஸ் மணிக்கு வருகிறேன். மணி தம்மை நடத்தியதில் அவர் இவ்வளவு வெட்கப்பட வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்கதை எழுதுகிறவனுக்கு உற்சாகம் எங்கிருந்து வருகிறது என்று கூட்டங்களில் கேட்பார்கள். கலைமகளின் கடாட்சம் என்றெல்லாம் சொல்லி வைப்போம். உண்மையில் அது அச்சகத்துப் பையன் ரூபத்தில் வந்து வாசலில் நிற்கும். ‘சார், மேட்டர் தரச் சொன்னாங்க’ என்று அவன் ஒற்றைக் காலில் நின்றதால் பிறந்த அத்தியாயங்களில் சில என் நல்ல அத்தியாயங்கள். பையன் வந்ததால் எழுதினேன் என்பதற்காக அதை எழுதியது அந்தப் பையன் ஆகிவிடுவானா?

என் தகப்பனார் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதினார். 1956-ல் வாங்கிய ஹெர்குலிஸ் சைக்கிள். ஆலைச் சங்கு ஊதினால் கிளம்புவார். மாலைச் சங்கு ஊதினால் திரும்புவார். ‘ஊக்கம்’ என்ற வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதில்லை. 1974-ல் ஓய்வு பெற்றார். மறுநாள் காலையிலும் சங்கு ஊதிற்று, அவருக்காக அல்ல. காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து அதைக் கேட்டார். ஒரு வாரம் அப்படியே போயிற்று. அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் பேப்பர் போடுகிற பையனைக் கூப்பிட்டு, “தம்பி, நாளையிலேருந்து பேப்பர் போட வேண்டாம்” என்றார்.

அம்மா திடுக்கிட்டாள். “ஏங்க, பேப்பர் படிக்காம உங்களுக்குப் பொழுது போகுமா?”

“யாரு படிக்கலேன்னா? கடையில போய் வாங்கிக்குறேன்.”

கடை தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எங்கள் தெருமுனையிலேயே ஒரு கடை உண்டு. அதை அவர் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. சங்கு ஊதும்போது சைக்கிளை எடுப்பார், தினமணியை மடித்துக் காரியரில் செருகிக்கொண்டு திரும்புவார். வாசலிலேயே வந்து விழுந்துகொண்டிருந்ததை மூன்று மைலுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்துவிட்டு, பிறகு அதை எடுத்துவரப் போவது ஒரு பாசாங்குதானே என்று காலேஜில் படித்துக்கொண்டிருந்த என் தம்பி வாதம் செய்தான். அவனுக்குத் தத்துவத்தில் நல்ல மார்க்கு. ‘தேவை இல்லாததைத் தேவை ஆக்கிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றுவதல்லவா?’ என்றான். அப்பா, “பேப்பர் நெசந்தானேடா?” என்று கேட்டதோடு சரி.

அவர் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். பாசாங்கு என்பது இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. போகாவிட்டால் அன்றைக்குப் பேப்பர் இல்லை; அது உண்மையான இல்லாமை. தமக்குச் சௌகரியமாக இருந்த ஒன்றைத் தாமே விலக்கி, அந்த இடத்தில் ஒரு சின்னத் தேவையை அவர் நட்டு வைத்தார். மணி அடித்து முப்பது வருஷம் வேலை பார்த்தவருக்கு மணி எங்கே கட்டினால் காதில் விழும் என்று தெரிந்திருந்தது. என் வாசகருக்கும் அது தெரிந்திருக்கும். நடத்தியது ஆபீஸ் மணியே ஆனாலும், கேட்டு எழுந்த காதும் காலும் அவருடையவை. அவற்றை ஆபீஸ் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அவருக்கு நான் எழுதிய பதிலில், வீட்டுக்கு வருகிற பாலையோ பேப்பரையோ காய்கறியையோ எதையாவது ஒன்றை நிறுத்திவிடுங்கள், ஆனால் வீட்டு அம்மாளைக் கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள் என்று எழுதினேன். பின்பாதி முக்கியம்.

அப்பா இருபது வருஷம் அந்தப் பேப்பரை வாங்கி வந்தார். கடைசியில் கண்ணில் புரை விழுந்து, சைக்கிள் விடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் திண்ணையோரத்தில் அவரும் இல்லை, சைக்கிளும் இல்லை. பதறிப்போய் நான் பின்னாலேயே ஓடினேன். பாலத்துக்கு இந்தப் பக்கம், சாலையின் இடது ஓரமாக, ஹாண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நிதானமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்.

“விடக் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னார்? நடக்கிறதுன்னா வெறுமனே நடங்களேன் அப்பா. இத எதுக்குத் தள்ளிக்கிட்டு?”

“பிடிச்சுக்கிட்டு நடக்கத் தோதா இருக்கு” என்றார். “நீ போ. காப்பி ஆறிடும்.”